அடம் பிடிக்கும் குழந்தையும் வெயிலில் வளையும் தண்டவாளமும்

நம் சங்கத்தின் எந்த விழாவிலும் இந்தக் காட்சியைக் காணலாம். ஒலிபெருக்கியைச் சரிபார்க்க ஒருவர் மேடையேறி, “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்பார். உடனே எங்கோ ஒரு குழந்தை இரு காதுகளையும் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளும். அல்லது வாசலை நோக்கி ஓடும். பின்னாலேயே தாய் ஓடுவார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தாழ்ந்த குரலில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: “செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கா.” அடுத்த விழாவுக்கு அந்தக் குடும்பம் வராது. அதற்கு அடுத்ததற்கும் வராது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

அவ்வாறு வராமல் போன குடும்பங்கள் தில்லித் தமிழர்களாகிய நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எஞ்சினியரிங் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டில் ஒன்பது வயதுப் பேரன் இருக்கிறான். அவனுக்கு ஆட்டிசம் என்று நான்கு வயதில் உறுதி செய்தார்கள். அவனை முன்னிட்டுப் படித்தவை, மருத்துவர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை, மகனும் மருமகளும் தினந்தோறும் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவை, இவையே இக்கட்டுரைக்கு ஆதாரம்.

முதலில் பெயர்களைப் பார்த்துவிடுவோம். பிறருடன் பழகுவதிலும் பேச்சிலும் வேறுபாடு, ஒரே ஒழுங்கை விடாமல் பற்றிக்கொள்ளுதல், ஒலி, ஒளி, தொடுதல், மணம் ஆகியவற்றை மிகையாகவோ மிகக் குறைவாகவோ உணர்தல், இவை சேர்ந்திருப்பது ஆட்டிசம். கவனம் ஓரிடத்தில் நில்லாமை, ஓயாத துறுதுறுப்பு, பொறுத்திருக்க இயலாமை, இவை ஏ.டி.எச்.டி. நல்ல அறிவிருந்தும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில் திணறுவது டிஸ்லெக்சியா. ஒரே குழந்தைக்கு இவற்றில் இரண்டு சேர்ந்து இருப்பதும் சகஜம். மூளையின் வளர்ச்சியில் உள்ள இத்தகைய வேறுபாடுகளுக்குப் பொதுப் பெயராக ‘நியூரோடைவர்ஜென்ட்’ என்கிறார்கள். தமிழில் ஆட்டிசத்துக்கு ‘மதியிறுக்கம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அச்சொல் ஒட்டவில்லை. என் பேரனின் மதி எங்கும் இறுகியிருப்பதாகத் தெரியவில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நிற்கும் நிலையங்களை இரு திசையிலும் நேரத்துடன் ஒப்பிப்பான். ஆகவே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

இது ஏதோ லட்சத்தில் ஒருவருக்கு வருவது என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. பார்வை, செவிக் குறைகள், வலிப்பு முதலியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டதில், ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளில் ஒருவருக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த ஏதேனும் ஒரு சிக்கல் இருப்பது தெரிந்தது.

காரணம் தேடும்போது தாயின் மேல் பழி போடுவது உலக வழக்கமாகவே இருந்திருக்கிறது. 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதினார். அதன் பிறகு பல ஆண்டுகள், பாசம் காட்டாத தாய்மாரால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று பெரிய பெரிய நிபுணர்களே சொன்னார்கள். ‘ஃப்ரிஜ் போன்ற தாய்’ என்று அதற்கு ஒரு பெயர் வேறு. 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், இது உடற்கூறு சார்ந்தது, வளர்ப்பால் வருவதன்று என்று நூல் எழுதி அதை மறுத்தார். அவரே ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. பின்னர் 1998-ல் தடுப்பூசியால் வருகிறது என்று ஒரு கட்டுரை கிளம்பியது. அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-ல் அதை நீக்கிக்கொண்டது. மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதே ஆராய்ச்சிகள் காட்டுவது.

ஆனாலும் நம் வீடுகளில் பழி ஓயவில்லை. தாய் வேலைக்குப் போவது, செல்போன் கொடுப்பது, இவற்றோடு வெளியூர்த் தமிழர்களுக்கென்றே தனியாக இன்னொன்று: “ஊரோட இருந்திருந்தா எல்லாம் சரியாயிருக்கும்.” ஊரிலும் இக்குழந்தைகள் பிறக்கிறார்கள், அங்கே கூடுதலாக இரண்டு அத்தைமார் பார்த்துக்கொள்வார்கள் என்பதே வித்தியாசம். அது சிறிய வித்தியாசம் இல்லைதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் உதாரணத்தைக் கொண்டே சொல்ல முடியும்.

பழைய பாதைகளில் 13 மீட்டருக்கு ஓர் இணைப்பு இருக்கும். இணைப்பில் சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். வெயிலில் தண்டவாளம் நீள அது இடம் தரும். ‘தடக், தடக்’ என்ற ஓசை அந்த இடைவெளிகளில் சக்கரம் விழுவதால் எழுந்தது. இப்போது கிலோமீட்டர் கணக்கில் வெல்டு செய்துவிடுகிறார்கள், ஓசை போயிற்று. வெயில் போகவில்லை. ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்தைச் சும்மா விட்டால், 30 டிகிரி சூடு ஏறும்போது அது சுமார் 34 செ.மீ. நீளும். ஸ்லீப்பர்களும் ஜல்லியும் இறுகப் பிடித்திருப்பதால் நீள முடியாது. நீள முடியாத அந்த நீளம் உள்ளுக்குள் அழுத்தமாக மாறுகிறது. 52 கிலோ ரகத் தண்டவாளம் ஒன்றில் இது சுமார் 48 டன் அளவுக்கு வரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நேராக, பளபளவென்று கிடக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு யாராவது அந்த இடத்தில் ஜல்லியைக் கிளறினால் போதும், பாதை பாம்புபோல் நெளிந்துவிடும். விசாரணையில் கடைசியாகக் கை வைத்தவனை மட்டும் கேட்டு முடித்தால் காரியம் ஆகாது. காலையிலிருந்து எவ்வளவு சூடு ஏறியது என்று பார்க்க வேண்டும்.

பள்ளியிலிருந்து வரும் இக்குழந்தைகளைப் பாருங்கள். பஸ்ஸில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது, நாற்பது பிள்ளைகளின் இரைச்சல், டியூப் லைட்டின் ரீங்காரம், கழுத்தில் குத்தும் சட்டை லேபிள், டிபன் நேரத்தில் பத்துவிதக் குழம்பு வாசனை, வழக்கமான டீச்சர் வராமல் வேறொருவர் வந்தது, எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று புரியாமலே தானும் சிரித்தது. எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை எல்லாவற்றையும் உள்ளே அடக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் நாம் சொல்வது ஒன்றே ஒன்று: “ஷூவைக் கழட்டி ஓரமா வை.” ஷூ பறக்கிறது. பை பறக்கிறது. அரை மணி நேரம் அலறல். ‘ஷூவைக் கழற்றச் சொன்னதற்கா இவ்வளவு?’ என்று திகைக்கிறோம். பள்ளியில் கேட்டால், “எங்க கிட்ட நல்லாத்தான் இருக்கான், வீட்ல என்ன பண்றீங்க?” என்பார்கள். இரண்டு மணி வரை பாதை நேராக இருந்தது என்பதுதான் அதற்குப் பொருள்.

ஜல்லிக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. அன்றாட ஒழுங்குதான் இக்குழந்தைகளின் ஜல்லி. இன்ன நேரத்தில் இன்னது, இந்த நாற்காலி, இந்தத் தட்டு என்பது அவர்களைப் பிடித்து நிறுத்துகிறது. விருந்தாளி வருகை, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பண்டிகை என்று அது கலையும்போது, மற்ற நாளில் தாங்கிய அதே சூட்டைத் தாங்க முடிவதில்லை. பாதையில் வெயில் தொடங்கும் வாரங்கள்தான் எங்களுக்குக் கவலை; நம் தில்லிப் பள்ளிகளில் வகுப்பு மாறுவதும் அதே ஏப்ரலில்தான். புது டீச்சர், புது அறை, புது இடம். ஏப்ரல் மாதத்தில் இக்குழந்தைகளிடம் வேறு எந்தப் புதிய பழக்கத்தையும் தொடங்காமல் இருப்பது நல்லது.

அடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். உண்டு. பொம்மைக்காக அழும் குழந்தை இடையிடையே நம் முகத்தைப் பார்த்துக்கொள்ளும். பொம்மை கைக்கு வந்தால் அழுகை நிற்கும். உடைந்து போன குழந்தை யாரையும் பார்ப்பதில்லை. கேட்டதைக் கொடுத்தாலும் நிற்பதில்லை. தன்னையே அடித்துக்கொள்ளலாம், கடித்துக்கொள்ளலாம். முடிந்ததும் சோர்ந்து தூங்கிவிடும். சில சமயம் நடந்ததே சரியாக நினைவிருக்காது. ஆங்கிலத்தில் முன்னதை டான்ட்ரம் என்றும் பின்னதை மெல்ட்டவுன் என்றும் பிரிக்கிறார்கள்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? சூடு ஏறிய தண்டவாளத்தில் வேலை செய்யக் கூடாது என்பது எங்கள் விதி. இங்கும் அதுதான். உபதேசம், கேள்வி, மிரட்டல், பேரம், “எண்றதுக்குள்ள நிறுத்தணும்” எல்லாமே ஜல்லியைக் கிளறுவதுதான். தலை இடிக்கும் இடத்தில் தலையணை வைக்கலாம். கூர்மையான பொருள்களை எடுத்துவிடலாம். விளக்கைக் குறைத்து, டி.வி.யை நிறுத்தி, வேடிக்கை பார்ப்பவர்களை அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். பேசினால் இரண்டு சொல்: “இங்கதான் இருக்கேன்.” சில குழந்தைகளுக்கு இறுக்கி அணைத்தால் அடங்கும், சிலருக்குத் தொட்டாலே தீப்பட்டதுபோல் இருக்கும், இதை அமைதியான நாளில் அறிந்து வைத்திருக்க வேண்டும். முடிந்ததும் தண்ணீர், தூக்கம். அன்றே விசாரணை வேண்டாம்.

விசாரணையை வேறு விதமாகச் செய்யலாம். என் மருமகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். தேதி, நேரம், முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான், டிபன் பாக்ஸ் காலியாக வந்ததா, அன்று வழக்கத்துக்கு மாறாக நடந்தது என்ன, எவ்வளவு நேரம் நீடித்தது. காரணம் என்று ஒரு கட்டம் கிடையாது. “அதை எழுத ஆரம்பிச்சா நம்ம கோபத்தைத்தான் எழுதுவோம், மாமா” என்றாள். ஆறு வாரத்தில் அந்தக் கட்டங்களிலிருந்து ஒரு விஷயம் தானாக வெளிவந்தது. பெரிய அலறல்கள் பெரும்பாலும் டிபன் திரும்பி வந்த நாள்களில். டிபன் திரும்பி வந்தது ஆண்டு விழா ஒத்திகை நடந்த நாள்களில். ஒத்திகைக்குப் பிறகு அந்த மண்டபத்திலேயே எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எதிரொலியில் அவனால் விழுங்க முடியவில்லை. வகுப்பறையிலேயே சாப்பிட அனுமதி கேட்டு வாங்கினார்கள். அலறல்கள் நின்றுவிடவில்லை, வாரத்துக்கு நாலைந்து என்பது ஒன்று, இரண்டு ஆயிற்று. அதுவும் ஒத்திகை உள்ள மாதத்தில்.

இக்குழந்தைகள் பலருக்குத் தம் உள்ளே நடப்பதற்குப் பெயர் சொல்லத் தெரிவதில்லை. பயந்தாலும் ‘வயிறு வலிக்குது’, பசித்தாலும் ‘வயிறு வலிக்குது’. கோபம் முற்றிய பிறகுதான் கோபம் என்றே தெரிகிறது. எங்கள் வீட்டில் சிக்னல் விளக்குகளைப் பயன்படுத்துகிறோம். பச்சை, இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள், சிவப்பு என்ற வரிசை அவனுக்கு மனப்பாடம். நாளில் மூன்று முறை, நல்ல நேரத்தில், ‘இப்போ என்ன சிக்னல்?’ என்று மருமகள் தன்னுடையதை முதலில் சொல்லுவாள். அவனைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, உறவினர் நிறைந்த கூடத்தில் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, “தாத்தா, சிங்கிள் எல்லோ” என்றான். பீரோவுக்குப் பின்னால் அவனுக்கென்று போர்வை விரித்த இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். இருபது நிமிடம். அன்று சிவப்பு வரவில்லை. எல்லாக் குழந்தைக்கும் ரயில் பிடிக்காது. கிரிக்கெட் பிடித்தால் ரன் ரேட் வைத்துச் சொல்லலாம்.

அடுத்தது ஏவல். தமிழில் ஏவல் வினையைப் போலச் சுருக்கமானது வேறில்லை. வினையின் வேர்ச்சொல்லே ஏவலாக நிற்கும்: வா, எழு, குளி, தேய், தின். இலக்கணத்துக்கு அழகு. ஒருநாள் காலை 6.10 முதல் 7.15 வரை பேரனை நோக்கி எங்கள் வீட்டில் எத்தனை ஏவல்கள் வருகின்றன என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினேன். பெரியவர்கள் நால்வர் சேர்ந்து 43. இதில் ‘சீக்கிரம்’ மட்டும் 9. வேறு எந்த உத்தியோகஸ்தருக்கும் ஒரு மணி நேரத்தில் இத்தனை உத்தரவு வருவதில்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு மகனும் மருமகளும் ஒவ்வொன்றாக அடித்தார்கள். குளியல் இரவுக்குப் போயிற்று. தலைக்கு எண்ணெய் ஞாயிறு மட்டும். பற்பசையின் புதினாக் காரம் நாக்கில் எரிகிறது என்று தெரிந்து, காரமில்லாத ஒன்றை வாங்கினார்கள். காலையில் தினமும் இட்லியும் சர்க்கரையும். ‘தினமும் அதேயா’ என்று கேட்பதை எல்லோரும் நிறுத்தினோம். எஞ்சியவை 11. தெருவைக் கடக்கும்போது கையைப் பிடிப்பது, மருந்து, பஸ் நேரம் போன்றவற்றில் பேரமே இல்லை. அடுத்தவரை அடிப்பதும் அப்படித்தான். அதைத் தடுத்தே ஆக வேண்டும்.

மிச்சமிருப்பதைச் சொல்லும் விதமும் உண்டு. “குளி” என்பதற்குப் பதில் “வெந்நீர் ரெடி” என்பது ஒரு செய்தி. அதைக் கேட்டு அவனாக வர இடமிருக்கிறது. “நீலச் சட்டையா, பச்சையா?” என்பது சிலருக்கு உதவும். “இந்த சாக்ஸ்ல எது வலது கால்னு எனக்குத் தெரியலையே” என்று பாட்டி முழிப்பதும் நடக்கும். இவ்வளவுக்குப் பிறகும் மறுக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். தமக்குப் பிடித்த காரியத்தையே, இன்னொருவர் சொல்லிவிட்டால் செய்ய முடியாமல் தவிப்பார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் எலிசபெத் நியூசன் என்ற உளவியலாளர் 1980-களில் இவர்களைத் தனியாகக் கவனித்து, 2003-ல் விரிவாக எழுதினார். சுருக்கமாக பி.டி.ஏ. என்கிறார்கள். நோய்ப் பட்டியல்களில் இது தனிப் பெயராக ஏற்கப்படவில்லை. ஆராய்ச்சியாளர்களிடையே வாதம் நடக்கிறது. பெயர் எதுவானாலும் ஒன்று கவனிக்கத்தக்கது: அக்குழந்தையின் மறுப்புக்கு அடியில் இருப்பது பதற்றம். பரிசு, தண்டனை இரண்டுமே அங்கே பதற்றத்தைத்தான் கூட்டுகின்றன.

“கேட்டதையெல்லாம் விட்டுக்கொடுத்தால் பிள்ளை உருப்படுமா?” என்பது நம் தலைமுறையின் கேள்வி. நியாயமான கேள்வியே. பாதையில் பலவீனமான இடம் இருந்தால் டிரைவருக்குக் காஷன் ஆர்டர் கொடுப்போம்: இந்தக் கிலோமீட்டரிலிருந்து இதுவரை 20 கி.மீ. வேகம். ரயிலுக்குச் செல்லம் கொடுத்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. அடியில் பாதையைக் கெட்டிப்படுத்திவிட்டு 20, 45, 75 என்று வேகத்தைக் கூட்டுவோம். வேகத்தைக் குறைத்துவிட்டுப் பாதையில் வேலை செய்யாவிட்டால்தான் தவறு. பேரன் பல் தேய்க்கத் தொடங்கியது இப்படித்தான். முதல் மூன்று வாரம் பிரஷ் அவன் கையில் இருந்ததோடு சரி. பிறகு முன் பல்லை ஒரு முறை தொட்டுவிட்டு ஓடுவான். நாலரை மாதம் ஆயிற்று. அதே நாலரை மாதமும் தினமும் அடித்துத் தேய்த்துவிட்டிருந்தால் பல் வெளுத்திருக்கும். அவன் பாத்ரூம் பக்கமே வந்திருக்க மாட்டான்.

பெரியவர்களாகிய நம்மிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு யாராவது வந்தால், “மாமாவுக்கு நமஸ்காரம் பண்ணு, பேர் சொல்லு, ஒரு திருக்குறள் சொல்லிக் காட்டு” என்று வரிசையாக ஏவுவது நம் குடும்பங்களில் பாசத்தின் அடையாளம். இக்குழந்தைக்கு அது மூன்று தேர்வு. கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்வது நான்காவது. பலருக்குக் கண்ணைப் பார்த்தால் காது கேட்காது. வேறெங்கோ பார்த்தபடிதான் நாம் சொல்வதைக் கேட்கிறார்கள்.

வெளியூர்த் தமிழர்களுக்கென்றே உரிய விஷயம் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளியில் இங்கிலீஷ் என்பது நம் நிலை. பேச்சு தாமதமான குழந்தையை எங்காவது அழைத்துச் சென்றால், “மூன்று மொழியால் குழம்பியிருக்கிறான், வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள்” என்று சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கும் ஓரிடத்தில் அப்படிச் சொன்னார்கள். மருமகள் அவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்: “அப்போ பாட்டியோட எந்த பாஷையில பேசுவான்?” பதில் இல்லை. வீட்டில் தமிழ் தொடர்ந்தது. அதே அறிவுரையை ஏற்ற இன்னொரு குடும்பத்தை அறிவேன். தந்தை தமக்குச் சரளமாக வராத இங்கிலீஷில் மகனிடம் பேசத் தொடங்கினார். போகப் போக, கட்டாயமான நாலு வாக்கியத்துக்கு மேல் பேசுவதே இல்லை என்றாயிற்று. மகனுக்குப் பேச்சு வருவதற்காக வீட்டில் பேச்சு நின்றது.

ஆராய்ச்சி இந்த அறிவுரைக்குத் துணை நிற்கவில்லை. கனடாவில் ஹாம்ப்லி, ஃபோம்போன் என்ற இருவர் ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு மொழி வீட்டினரையும் இரு மொழி வீட்டினரையும் ஒப்பிட்டு 2012-ல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி கேட்டதால் கூடுதல் தாமதம் எதுவும் காணப்படவில்லை. குழந்தைக்கு வேண்டியது ஏராளமான, இயல்பான, அன்பான பேச்சு. அது எந்த மொழியில் நம்மிடம் ஊறியிருக்கிறதோ அந்த மொழியில்தான் வரும். கோபத்தில் இருக்கும் குழந்தையைச் சமாதானப்படுத்தும் சொற்கள் நமக்கு எந்த மொழியில் முதலில் வாயில் வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள். பேரன் இரண்டு மூன்று மொழியையும் கலந்துதான் பேசுகிறான். நம்மில் கலக்காமல் பேசுபவர் யார்?

பள்ளி, சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சில. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது; ஆட்டிசமும், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அதில் உண்டு. அரசு மருத்துவமனைச் சான்றிதழ் பெற்று, யு.டி.ஐ.டி. அட்டை வாங்கிவிட்டால் பல கதவுகள் திறக்கும். சி.பி.எஸ்.இ. தேர்வுகளில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், எழுத உதவியாளர், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவை இத்தகைய மாணவர்களுக்கு உண்டு. 1999-ம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் ‘நிராமயா’ என்ற மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. நம்மில் மத்திய அரசு ஊழியர் அநேகம். குறைபாடுள்ள குழந்தையைப் பராமரிப்பவருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கு அளிக்கலாம் என்ற ஆணை 2014-லும், விரிவாக 2018-லும் வந்திருக்கிறது. ஊர் மாறுவது இக்குழந்தைக்கு ஜல்லி முழுவதையும் அள்ளிக் கொட்டுவதற்குச் சமம் என்பதால் இதைத் தயங்காமல் கேட்டுப் பெற வேண்டும். ‘பேர் வெளியே தெரிந்துவிடும்’ என்று சான்றிதழே வாங்காமல் இருக்கும் பெற்றோர் உண்டு. பத்தாம் வகுப்பில் வந்து தவிப்பார்கள். தில்லியில் இருப்பவர்கள், 1991-ல் தொடங்கி ஜசோலாவில் இயங்கும் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பில் பெற்றோருக்கான பயிற்சி பற்றிக் கேட்டறியலாம்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ.டி.எச்.டி.க்குப் பயன் தரும் மருந்துகள் உண்டு. டாக்டர் சொன்னால் பயப்படத் தேவையில்லை. ஆட்டிசத்தை நீக்கும் மருந்து கிடையாது. ‘ஆறு மாதத்தில் குணம்’ என்று லட்சக்கணக்கில் வாங்குபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைப்பதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்தில் வீட்டு வேலைக்கு ஒரு ஆள் வைத்துத் தாயை மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்க விடுவது, என் கணக்கில், மேலான சிகிச்சை.

கோடை விடுமுறைப் பயணம் பற்றிப் பலர் கேட்பதால் இதையும் சேர்க்கிறேன். தில்லியிலிருந்து சென்னைக்கு இரண்டு இரவும் ஒரு பகலும். பெட்டியின் படம், படுக்கை எண், நிற்கும் நிலையங்கள் எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே தாளில் எழுதிக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். மேல் படுக்கை ஒன்று கட்டாயம் கேளுங்கள். அதுவே அதன் அறை. வீட்டுத் தலையணை உறையைத் துவைக்காமல் கொண்டு போங்கள், மணம் மாறக் கூடாது. சக பயணிகளிடம் ஏறியவுடனே ஒரு வரி சொல்லிவிட்டால் போபால் வருவதற்குள் பாதிப் பேர் உங்கள் பக்கம்.

சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் இது. வரும் பொங்கல் விழாவில் நூலக அறையை விளக்கு குறைத்து, ஒலிபெருக்கி இல்லாமல் திறந்து வைக்க வேண்டும். இரண்டு பாய், நாலு தலையணை போதும். நிகழ்ச்சி நிரலை நேரத்துடன் முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்தால், எப்போது வருவது, எப்போது வெளியேறுவது என்று அந்தக் குடும்பங்கள் தீர்மானித்துக்கொள்வார்கள். சாப்பாட்டு வரிசையில் நிற்க முடியாத குழந்தைக்கு ஒரு தட்டை அந்த அறைக்கே கொண்டு போய்க் கொடுக்க நான் இருக்கிறேன்.

மருமகளின் கட்டம் போட்ட பக்கத்தைச் சில பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நூலகத்தில் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். குழந்தையையும் அழைத்து வரலாம். அந்த நேரத்தில் அங்கே மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் இருக்கும்.